மகிழினியா, மகிளினியா? பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்தப் போகிறவர்களுக்கு...

கேள்வி: “என் மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு எழுத்து தவறாக இருக்கிறது. ஆதாரில் சரியாக இருக்கிறது. சான்றிதழில் இருக்கிறபடி ஆதாரை மாற்றிவிடுங்கள் என்று ஒருவர் சொல்கிறார், வக்கீலைப் பாருங்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். எதை மாற்றுவது, எங்கே போவது?”
- வாசகி ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஒரு கேள்விக்கு ஒரு பத்திதான் பதில். இந்த முறை கொஞ்சம் நீளும். காரணம், இது என் வீட்டுக் கேள்வியும்கூட. போன வருடம் முழுக்க இதற்காகத்தான் அலைந்தேன்.

என் தம்பி போன ஆவணியில் இறந்துபோனான். வயது நாற்பத்தொன்று. அவன் பங்குக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலமும் கிணற்றில் பாதிப் பங்கும் உண்டு. காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, அவன் மனைவி பெயருக்கும் பிள்ளை பெயருக்கும் பட்டாவை மாற்றலாம் என்று வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட்டோம். பட்டா மாறினால்தான் கூட்டுறவுச் சங்கத்தில் அந்தப் பெண் தன் பெயரில் பயிர்க்கடன் கேட்க முடியும். உளுந்து விதைப்பு தலைக்கு மேல் நின்றது.

விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். இரண்டு இடத்தில் விரலை வைத்தார். பிள்ளைக்கு நாங்கள் வைத்த பெயர் மகிழினி. சான்றிதழில் ‘மகிளினி’ என்று இருந்தது. அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தகப்பனார் பெயர் என்ற இடத்தில் ‘மணி’ என்று இருந்தது. பட்டாவில், ஆதாரில், இறப்புச் சான்றிதழில் எல்லாம் என் தம்பி பெயர் சுப்பிரமணி. “இந்த மணி யாரு?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நாளைக்கு வேறு யாரும் வந்து கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் அவனை நாங்கள் எல்லாரும் மணி என்றுதான் கூப்பிடுவோம். 2016-ல் பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். தம்பி மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் நர்ஸ் அப்பா பெயர் கேட்க, எங்கம்மா ‘மணி’ என்று சொல்லியிருக்கிறாள். அவள் வாயில் வந்தது அப்படியே காகிதத்தில் ஏறிவிட்டது. சான்றிதழை வாங்கிவந்த தம்பியும் அதைப் படித்துப் பார்க்காமல் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டான். ஒன்பது வருடம் அது அங்கேயே கிடந்தது. நம் வீடுகளில் பாதிச் சான்றிதழ்களின் கதை இதுதான்.

தம்பி மனைவி அழுதுகொண்டே கேட்டாள்: “அத்தான், அவுக பெயரே இல்லாட்டி பிள்ளைக்கு நிலத்துல பாத்தியதை இல்லேன்னு ஆயிருமா?” ஆகாது. ஆனால் ஆகாது என்று காகிதம் சொல்ல வேண்டும்.

ஆதாரைத் தொடாதீர்கள்

எங்களுக்கும் அதே யோசனையைத்தான் முதலில் சொன்னார்கள்: பிறப்புச் சான்றிதழில் ‘மகிளினி’ என்றிருந்தால் ஆதாரிலும் அப்படியே மாற்றிவிடுங்கள், வேலை சுலபம் என்று. கேட்காதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். சரியாக இருக்கிற பெயரைத் தவறாக்குவதற்கு அதில் ஒன்றைச் செலவழித்தால், பிறகு சரியாக்குவதற்கு இன்னொன்றும் போய்விடும். அதோடு முடியாது, ரேஷன் கார்டு, பள்ளிப் பதிவு, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக ‘ள’ தொற்றிக்கொள்ளும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அது ஏறிவிட்டால் பிறகு இழுபறி தனி.

கிணற்றில் தண்ணீர் கலங்கினால் வாய்க்காலில் வடிகட்டிப் பயனில்லை. பிறப்புப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நாம் கையில் வைத்திருக்கும் சான்றிதழ் அந்தப் பதிவேட்டின் நகல்தான். நகலில் பிழையா, மூலத்திலேயே பிழையா? திண்டுக்கல் வாசகிக்கு நான் சொல்லும் முதல் பதில் இந்தக் கேள்விதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் வக்கீலிடம் போவதும் வீண், இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பதும் வீண்.

எந்த ஆபீசுக்குப் போவது?

இதில்தான் நம் ஆட்கள் அதிகம் அலைகிறார்கள். பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். பெற்றோர் எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில்லை. நாம் குடியிருப்பது கிராமம் என்றாலும், பிரசவம் நகராட்சி எல்லைக்குள் இருக்கும் ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் பதிவு நகராட்சியில். தாய்வீட்டில் பிரசவம் என்றால் தாய்வீட்டு ஊரில். கிராம ஊராட்சியில் வீட்டுப் பிரசவம் என்றால் கிராம நிர்வாக அலுவலர்தான் பதிவாளர். பழைய கிராமப் பதிவேடுகள் காலப்போக்கில் தாலுகா அலுவலகத்துக்கோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். எந்த வருட ஏடு எங்கே இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

நான் கேட்காமல் ஏறினேன். இரண்டு நாள் போயிற்று, தாலுகா ஆபீசில் ஒன்று, எங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒன்று. மூன்றாவது நாள்தான் நகராட்சிச் சுகாதாரப் பிரிவு.

கையில் இருக்கும் சான்றிதழில் பதிவு எண்ணும் பதிவு தேதியும் இருக்கும். பதிவு செய்த இடமும் இருக்கும். அந்த மூன்றும் போதும், ஏட்டைப் புரட்டிவிடலாம். சான்றிதழே தொலைந்துபோனவர்கள் பிறந்த தேதியையும் ஆஸ்பத்திரி பெயரையும் வைத்துத் தேடச் சொல்லலாம். ஏட்டில் தேடச் சொல்லவும், அதில் உள்ளதற்கு நகல் வாங்கவும் சட்டத்திலேயே இடமிருக்கிறது. அதற்கு உரிய கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு பிழை, இரண்டு வழி

1969-ம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 15-வது பிரிவு. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மனுவில் எழுத வேண்டியிருக்கும். பதிவாளரே விசாரித்து, பிழை என்று தெரிந்தால் திருத்தலாம் என்கிறது அந்தப் பிரிவு. ஒரு எழுத்துப் பிழைக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் பதிவாளரிடம் மனுக் கொடுத்துவிட்டுப் பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2000-ல் வந்தவை. அவை பிழையை இரண்டாகப் பிரிக்கின்றன. எழுதும்போது, தட்டச்சு செய்யும்போது நேர்ந்த கைப்பிழை ஒரு வகை. பதிவாளர் பார்த்து, திருப்திப்பட்டுத் திருத்திவிடலாம். சொன்ன விவரமே தவறு என்பது இன்னொரு வகை. அதற்கு, நடந்தது என்ன, உண்மை என்ன என்று விவரம் தெரிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

எங்கள் சான்றிதழில் இரண்டு வகையும் இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து போகும் பிறப்பு அறிக்கைப் படிவத்தின் ஒரு பகுதியைத்தான் சேர்த்துக் கட்டி ஏடாக வைக்கிறார்கள். ஆய்வாளர் 2016 ஏட்டை எடுத்துவந்து புரட்டினார். குழந்தை பெயர் என்ற இடத்தில் அழகாக ‘மகிழினி’ என்று மையில் எழுதியிருந்தது. ஆக, கம்ப்யூட்டரில் ஏற்றியவர்தான் ‘ளி’ தட்டிவிட்டிருக்கிறார். எங்கள் தென்காசிப் பக்கம் வாழைப்பழமே வாளப்பளம்தான். ஏற்றியவர் எங்கள் ஊர்க்காரராக இருந்திருப்பார். இது கைப்பிழை. ஒரு வெள்ளைத்தாள் மனுவோடு முடிந்தது.

தகப்பனார் பெயர் அப்படியில்லை. ஏட்டிலேயே ‘மணி’. “இவர் உயிரோட இருந்தா நேர்ல வரச் சொல்லலாம். இல்லையே... மணியும் சுப்பிரமணியும் ஒரே ஆள்னு எதை வச்சு நான் எழுதுறது?” என்றார் ஆய்வாளர். தம்பியின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் கொண்டுபோயிருந்தேன். எல்லாவற்றிலும் சுப்பிரமணி என்றுதான் இருந்தது. எதிலும் மணி இல்லை. இந்த மணி அந்த ஆள்தான் என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை.

அப்போதுதான் அவர் ஒன்று கேட்டார். குழந்தைக்குப் பெயர் எப்போது பதிந்தீர்கள்? பிறந்து ஐந்து மாதம் கழித்து, குலதெய்வக் கோயிலில் மொட்டையெடுத்துப் பெயர் வைத்த பிறகு. அப்படியானால் பெயர் சேர்க்கச் சொல்லித் தகப்பனார் மனுக் கொடுத்திருப்பார் என்று பழைய கோப்புகளைத் தேடச் சொன்னார். ஒருவாரம் கழித்து வரச் சொன்னார்கள். போனேன்.

கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள். தம்பியின் கையெழுத்து. ‘என் மகளுக்கு மகிழினி என்று பெயர் வைத்துள்ளோம், பதிவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதி, கீழே ‘பெ. சுப்பிரமணி’ என்று கையொப்பமிட்டிருந்தான். மேலே அதே பதிவு எண். அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒன்று. ‘ழ’வுக்குக் கீழ்ச்சுழி நன்றாக இழுத்திருந்தான், பிள்ளைக்கு எழுதிக்காட்டுகிற மாதிரி. நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த ஒரு தாள் பாதி வேலையை முடித்தது. மீதிக்கு எங்கம்மாவும், பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் துணைக்கிருந்த தம்பியின் மாமனாரும் எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். “நான்தான் மணின்னு சொன்னேன் சார், எம் மகன் நெசப் பேரு சுப்பிரமணி” என்று அவரிடம் சொல்லிவிட்டு, எழுதிய தாளில் கைநாட்டு வைத்தாள். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் தம்பி மனைவி கொடுத்த உறுதிமொழிப் பத்திரமும் வைத்தோம்.

ஏட்டில் பழைய எழுத்தை அடிப்பதோ அழிப்பதோ இல்லை. இது பலருக்குத் தெரியாது. ‘மணி’ அப்படியே இருக்கும். பக்கத்து ஓரத்தில் சரியான பெயரை எழுதி, பதிவாளர் கையெழுத்தும் தேதியும் போடுவார். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதனால் அழித்து எழுதித் தருகிறேன், காசு கொடுங்கள் என்று யாராவது வாசலில் நின்று பேசினால் நகர்ந்துவிடுங்கள். அழித்து எழுதிய பதிவு பின்னால் நம் பிள்ளையைத்தான் மாட்டிவிடும்.

மனுக் கொடுத்த நாளிலிருந்து ஏழு வாரத்தில் புதுச் சான்றிதழ் கைக்கு வந்தது. வாங்கிய இடத்திலேயே நின்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

என்னென்ன காகிதம் பலன் தரும்?

புதுக் காகிதத்தைவிடப் பழைய காகிதத்துக்கு மதிப்பு அதிகம். நேற்று எடுத்த ஆதாரைவிட, பிள்ளை பிறந்த சமயத்து ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, கிராமச் செவிலியர் கொடுத்த தாய்சேய் அட்டை, முதல் வகுப்பில் சேர்த்த பதிவு இவை பேசும். பிள்ளைக்கு நீங்கள் வைத்த பெயர் தொடக்கத்திலிருந்தே இதுதான் என்று காட்டுகிற எதுவும் உதவும். பெற்றோர் பெயரில் பிழை என்றால் அவர்களின் பள்ளிச் சான்றிதழ், திருமணப் பதிவு, பிள்ளை பிறப்பதற்கு முன் தேதியிட்ட பட்டாவோ பத்திரமோ எடுத்துப் போங்கள். மூலத்தைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் படி இறங்காதீர்கள்.

ஆங்கில எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ழ’வுக்கு இசட்-எச் போடுகிறவரும் உண்டு, வெறும் எல் போடுகிறவரும் உண்டு. ‘த’வுக்கு டி மட்டுமா, எச் சேர்த்தா என்பதிலும் ஆளுக்கு ஒரு வழக்கம். எது சரி என்று சண்டை வேண்டாம். எதை ஒருமுறை போட்டீர்களோ அதையே பள்ளியிலும் வங்கியிலும் போடுங்கள். பிள்ளை பத்தாம் வகுப்பு வந்ததும் பள்ளியில் தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைப் பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அன்றைக்குக் களையெடுப்பை ஒத்திவைத்துவிட்டாவது போய், பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு

1.10.2023 முதல் சட்டத்தில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. அந்தத் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பாஸ்போர்ட்டுக்கும் இவர்களுக்குப் பிறந்த தேதி ஆதாரம் இது ஒன்றுதான். நம் காலத்தில் பள்ளிச் சான்றிதழை வைத்துச் சமாளித்த மாதிரி இவர்கள் சமாளிக்க முடியாது.

அதனால் பிழையை வாசலிலேயே தடுப்பது நல்லது. கர்ப்பம் தெரிந்ததும் கிராமச் செவிலியரிடம் பதிந்து வாங்கும் பிக்மி எண் இருக்கிறதே, பிறப்பைப் பதியும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். அங்கே தாய் பெயர், கணவர் பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்று அப்போதே பாருங்கள். ஆதாரில் உள்ளபடி சொல்லுங்கள். கூப்பிடுகிற பெயரைச் சொல்லாதீர்கள். பிரசவத்துக்குப் போகும் பையில் அப்பா, அம்மா ஆதார் நகலையும் வைத்துவிடுங்கள். பாட்டியிடம் கேட்டால் மணிதான் வரும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் ஆஸ்பத்திரியே தெரிவித்துவிடும். வீட்டில் என்றால் குடும்பத் தலைவர் தெரிவிக்க வேண்டும். ஆனால் பெயரை அதற்குள் வைத்தாக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, மூன்றாம் மாதம் வேறு பெயர் வைக்கிறவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். அது பிழைத்திருத்தத்தில் வராது.

இதே விஷயத்தில் வந்த வேறு சில கேள்விகள்

கேள்வி: “ஜோசியர் பெயரில் ஒரு எழுத்துக் கூட்டச் சொல்கிறார். பிறப்புச் சான்றிதழில் மாற்றலாமா?”

பதிவில் பிழை இருந்தால்தான் 15-வது பிரிவு. நீங்கள் விரும்பி மாற்றுவது பிழை ஆகாது. அதற்கு எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்து அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். அது இன்றிலிருந்து உங்கள் பெயர் இது என்று சொல்லும். பிறந்தபோதே தவறாக எழுதிவிட்டார்கள் என்று சொல்லாது. அரசிதழ் நகலைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்தே ஆயுசுக்கும் காட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். நன்றாக யோசித்துச் செய்யுங்கள்.

கேள்வி: “எனக்கு வயது 46. பதிவேட்டில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கிறது, பெயரே இல்லை.”

உங்களுக்குத் தேவை பெயர்த் திருத்தம் இல்லை, பெயர் சேர்ப்பு. 15 வருட வரம்பு தாண்டியவர்களுக்காக அரசு பலமுறை சிறப்பு அவகாசம் கொடுத்திருக்கிறது. இப்போது அவகாசம் நடப்பில் இருக்கிறதா என்று உங்கள் பதிவு இருக்கும் அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் தள்ளிப்போடாமல் அதே வாரத்தில் மனுக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: “மூன்று முறை போயும் ‘முடியாது’ என்று வாயால் சொல்லி அனுப்புகிறார்கள்.”

வாயால் சொன்னதை வைத்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. மனுவை ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். மறுப்பு என்றால் எழுத்தில் கேளுங்கள். 2023 திருத்தத்தில் மேல்முறையீட்டுக்கு 25ஏ என்று புதுப் பிரிவு சேர்த்திருக்கிறார்கள். பதிவாளரின் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் சரிவராவிட்டால் தலைமைப் பதிவாளர். தமிழ்நாட்டில் பொது சுகாதாரத் துறை இயக்குநர்தான் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். மனு என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். உங்கள் பதிவு இருக்கும் ஏட்டுப் பக்கத்தின் நகலையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டு விஷயம்: வாரிசுச் சான்றிதழ் தை மாதம் வந்தது. மனைவி, மகள், தாய் என்று மூன்று பெயர். உளுந்துக்குக் கடன் வாங்கப் பருவம் தப்பிவிட்டது. நான் கைமாற்றுக் கொடுத்துத்தான் விதைத்தோம். பட்டா மாற்றத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். தம்பி எழுதிய அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். மகிழினி அதைத் தன் தமிழ்ப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.